நூற்றுக்கா?

கோணமானியை மடக்கி மேசைமேல் வைத்துவிட்டு, “தொண்ணூத்தஞ்சு வந்திருக்குக்கா” என்றேன். அந்த அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. “நூத்துக்கா டாக்டரம்மா?” என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். நூற்றுக்கு இல்லை, நூற்றெண்பதுக்கு. சொன்னதோடு நிற்காமல் என் கையை முழுக்கத் தூக்கி, அது காதை ஒட்டி நிற்பதையும் காட்டினேன். அவர் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மருந்துச் சீட்டை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு, “வரேம்மா” என்று போனார். அதற்குப் பிறகு வரவில்லை. தை மாதக் கடைசியில் நடந்தது இது. பாதியில் நின்றுவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். அது இந்தத் தொழிலின் அன்றாடம். ஆனால் அந்த ‘நூத்துக்கா’ மட்டும் செருப்புக்குள் புகுந்த உப்புக்கல்லைப் போல ஆறு மாதமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. பேரப்பிள்ளைகளின் மார்க் அட்டையைப் பார்த்துப் பழகியவர் கேட்ட கேள்வி. தொண்ணூற்றைந்து வாங்கிவிட்ட சந்தோஷத்தில் இருந்தவரை ஒரே வாக்கியத்தில் பார்டர் பாஸ் ஆக்கி அனுப்பிவிட்டேன். உள்ளதைச் சொன்னதில் என்ன தப்பு என்று கேட்டுக்கொள்வேன். தப்பில்லைதான். அப்படியும் உறுத்துகிறது.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் தோளும் முழங்கையும் மட்டும் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் நான். நாலரை வருடப் படிப்பு, அதற்குமேல் இரண்டு வருட முதுநிலை, அதற்கும்மேல் பதினாறு வருடமாக இந்த இரண்டு மூட்டுகள். “கைக்கு மட்டும் ஒரு டாக்டரா?” என்று உறவுக்காரர்கள் சிரிப்பார்கள், முட்டி வலி என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருகிற அத்தைகளுக்கு நான் உதவமாட்டேன் என்பது கல்யாண வீடுகளில் ஒரு குறையாகவே பேசப்படும். சனிக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 35 கிலோமீட்டர் போல வடக்கே போய், மரக்காணத்தில் ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் உட்காருகிறேன். அங்கே எனக்குப் பெயர் ‘கரண்டு வைக்கிற டாக்டரம்மா’. வலிக்கிற இடத்தில் இரண்டு பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்சாரம் விடுகிற பெட்டி இருக்கிறதே, அதுதான் அவர்கள் கண்ணில் வைத்தியம். கையைப் பிடித்து, திருப்பி, அழுத்தி நான் செய்கிற மற்றதெல்லாம் கரண்டுக்கு முன்னால் நடக்கிற பேச்சு. எங்களைப் போன்றவர்கள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 செப்டம்பரில் டெல்லியிலிருந்து ஒரு கடிதம் கிளம்பி, ஓரிரு நாளில் திரும்பப் பெறப்பட்டது. எங்கள் வாட்ஸப் குழுக்களில் பெரிய ரகளை. மரக்காணத்தில் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கரண்டு வைத்தால் டாக்டர்.

பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கரண்டியை வாயில் கவ்வி எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடுவோமே, தோள் மூட்டு ஏறக்குறைய அதுதான். மேற்கை எலும்பின் தலை ஒரு உருண்டை. அது உட்காருகிற குழி கரண்டியைவிட ஆழம் குறைந்தது. இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள் பொதிந்து கிடக்கிறது, லேசில் நழுவாது. தோளோ எல்லாப் பக்கமும் சுழல வேண்டும் என்பதற்காக ஆட்டம் காணவும் சம்மதித்த மூட்டு. நாலு சின்னத் தசைகள் சுற்றி நின்று பழம் உருளாமல் பிடித்துக்கொள்கின்றன. கையை உடம்போடு எலும்புக்கு எலும்பு இணைக்கிற இடம் ஒன்றே ஒன்று, கழுத்துக்குக் கீழே காறை எலும்பு நெஞ்செலும்பைத் தொடுகிற இடம். மற்றபடி முழுக் கையும் தசையில்தான் தொங்குகிறது. நாம் கையைத் தலைக்குமேல் தூக்குகிற 180 டிகிரியில் ஏறக்குறைய 120 மூட்டினுடையது. மீதி 60 முதுகிலுள்ள பட்டை எலும்பு சுழன்று கொடுப்பது. ‘தோள்பட்டை’ என்று இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக்கி வைத்தவர்கள் எதையோ கவனித்திருக்கிறார்கள். சங்கக் கவிகளும் தோளை விடாமல் பார்த்தவர்கள்தான். பெண்ணின் தோள் மூங்கில், பிரிவில் அது மெலியும், வளை கழன்று விழும். குறளில் உறுப்புநலன் அழிதல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. எனக்குத் தெரிந்து ஒரு கவியும் தூக்க வராத தோளைப் பாடவில்லை. தலைவி தன் கூந்தலைத் தானே முடிந்துகொள்ள முடியாமல் போன ஒரு பாட்டு எங்காவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், அப்படியே இருந்தாலும் தோழியர் ஆயத்தில் ஒருத்தி முடிந்துவிட்டிருப்பாள்.

அந்த அக்கா முதலில் வந்தது ஐப்பசி மழையில். இடது தோள். நாலு மாதமாக ராத்திரித் தூக்கம் இல்லை, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் உயிர் போகிறது. விடிந்தால் வலி கொஞ்சம் தணிந்து இறுக்கம் மட்டும் நிற்கிறது. தலை பின்ன முடியவில்லை, மருமகள்தான் பின்னிவிடுகிறாள். இதையெல்லாம் கதவு திறந்திருக்கும்போதே சொன்னார். இன்னொன்றைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுச் சொன்னார். இடது கை பின்னால் போகவில்லை. கழுவிக்கொள்ள முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் வலது கைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். “சோறு துன்ற கையாம்மா அது” என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நாங்கள் படித்த புத்தகங்களில், கை முதுகுப் பக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்பதைக் கட்டைவிரல் முதுகெலும்பின் எந்தக் கணுவைத் தொடுகிறது என்று பார்த்துக் குறிக்கச் சொல்லியிருக்கும். குறித்தேன். கட்டைவிரல் இடுப்பின் பக்கவாட்டோடு நின்றுவிட்டது. அந்தப் பதிவைப் படிக்கிற எவருக்கும் அவர் கதவைச் சாத்தச் சொன்னது தெரியாது.

சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன். பார்த்ததே இல்லை என்றார். மருந்துக்கடைக்காரரின் கருவியில் விரலைக் குத்திப் பார்த்தோம், 280. பல சமயம் இப்படித்தான், இறுகின தோள்தான் சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கிறது. ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்கிற இந்த வியாதி மற்றவர்களைவிடச் சர்க்கரைக்காரர்களுக்குப் பல மடங்கு அதிகம். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் நாட்டிலேயே சர்க்கரை மிக அதிகமாயிருக்கும் இடங்களில் ஒன்றாகப் புதுச்சேரி வந்தது, நூற்றுக்கு 26 பேருக்குமேல். எனக்கு வேலை குறையாது. உறைந்த தோள் என்று இதற்குப் பெயர் வைத்தவர் எர்னஸ்ட் அமோரி காட்மன், பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர். 1934-இல் தோளைப் பற்றி மட்டுமே ஒரு தடித்த புத்தகம் எழுதினார். பெயர் வைத்த கையோடு, இது என்னவென்று வரையறுப்பதும் கஷ்டம், குணப்படுத்துவதும் கஷ்டம், ஏன் வருகிறது என்று விளக்குவதும் கஷ்டம் என்று ஒத்துக்கொண்டார். ஜப்பானியர்கள் விளக்கப் போகவே இல்லை, ‘ஐம்பது வயதுத் தோள்’ என்று சொல்லி முடித்துவிட்டார்கள். மரக்காணத்தில் “தோள்பட்டை புடிச்சிக்கிச்சு” என்கிறார்கள். மூட்டைச் சுற்றியிருக்கிற உறை வீங்கி, தடித்து, எலும்பை உண்மையிலேயே பிடித்துக்கொள்கிறது. மூன்று பெயரில் இதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. உறைந்தால் உருகும் என்று நம்பிக்கை வருகிறது. உருகத்தான் செய்கிறது, ஆனால் ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு மூன்று. பிடித்துக்கொண்டது எப்போது விடும் என்று கேட்டால் அது மனசு வைக்க வேண்டும் என்றுதான் சொல்ல முடியும். அந்த அக்காவுக்கு இரண்டு பயிற்சி கொடுத்தேன். குனிந்து நின்று கையைக் கிணற்று வாளி மாதிரித் தொங்கவிட்டு ஆட்டுவது ஒன்று. அதுவும் காட்மன் சொல்லிவைத்ததுதான். சுவரில் பல்லி மாதிரி விரல்களை ஊன்றி ஊன்றி மேலே ஏறுவது இன்னொன்று. எட்டின இடத்தில் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டுவிட்டு வரச் சொன்னேன். மார்கழியில் வந்தபோது சுவரில் ஒன்பது கோடு இருப்பதாகச் சொன்னார். ஒன்பதாவது, சாமி படத்தின் கீழ்ச்சட்டத்தைத் தொட்டுவிட்டதாம்.

தோள் வியாதிக்காரர்களிடம் நிரப்பி வாங்குகிற ஒரு கேள்வித்தாள் உண்டு, டேஷ் என்பார்கள். 1996-இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் உருவானது, முப்பது கேள்விகள், உலகம் பூராவும் புழங்குகிறது. இறுக்கமான ஜாடி மூடியைத் திறக்க முடிகிறதா, தலைக்குமேலிருக்கிற பல்பை மாற்ற முடிகிறதா என்று போகும். நல்ல கேள்விகள், குற்றம் சொல்லவில்லை. பொழுதுபோக்கு விளையாட்டுகளைக் கேட்கிற இடம் வரும்போதுதான் எனக்குக் குரல் கம்மும். கோல்ஃப், டென்னிஸ், பறக்கும் தட்டு எறிதல். வாய்மொழியாகத் தமிழில் பெயர்த்துக் கேட்கும்போது நான் அங்கே எதையாவது மாற்றிப் போட்டுக்கொள்வேன். முறைப்படி அது பிழை. கேள்வியை மாற்றினால் மதிப்பெண் செல்லாது. முழங்கைக்கும் இதே சங்கடம்தான். வெளிப்பக்க எலும்பு முனையில் வருகிற வலிக்கு டென்னிஸ் எல்போ என்று பெயர். 1873-இல் அதை முதலில் விவரித்த ஜெர்மானியர் எழுதி எழுதிக் கை நொந்தவர்களிடம்தான் பார்த்தார். பத்து வருடத்துக்குள் இங்கிலாந்து மருத்துவ இதழ்கள் புல்வெளி டென்னிஸைக் கண்டுபிடித்துவிட்டன, பெயர் நின்றுவிட்டது. எழுத்தர்கள் போனார்கள், டென்னிஸ்காரர்கள் வந்தார்கள். மரக்காணத்து உப்பளத்தில் நீளக் கைப்பிடி போட்ட மரப்பலகையால் பாத்தியிலிருந்து உப்பை இழுத்து வாருகிற ஆண்களுக்கு இந்த வலி வரும். பலகை நழுவாமல் இறுக்கிப் பிடித்தபடி ஈர உப்பை இழுக்க வேண்டும், ஒரு காலைக்கு எத்தனை நூறு இழுப்போ. அவர்களில் ஒருவர், மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு, “டென்னிஸ்னா இன்னாம்மா, இந்தப் பந்தா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் எப்ப ஆடினேன் என்று அவர் கேட்கவில்லை. சீட்டை மடித்து வைத்துக்கொண்டார்.

காட்மனை எனக்குப் பிடித்துப்போனதற்குத் தோள் காரணமில்லை. வைத்தியம் முடிந்து அனுப்பின ஒவ்வொருவரையும் போதுமான காலம் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும், குணமானாரா இல்லையா என்று எழுத வேண்டும், இல்லையென்றால் ஏன் என்றும் எழுத வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். இறுதி விளைவு என்று அதற்குப் பெயர். இதைச் சொன்னதற்காகவே ஊர்ப் பெரிய மருத்துவர்களோடு சண்டை வந்து, 1914-இல் தான் இருந்த பெரிய மருத்துவமனையை விட்டு வெளியேறினார். அதற்கு முன்பிருந்தே சொந்தமாக ஒரு சின்ன மருத்துவமனை நடத்திவந்தார், 1911 முதல் 1916 வரை அங்கிருந்து போன 337 பேரின் கணக்கையும் அதில் தான் கண்ட 123 பிழைகளையும் அச்சுப் போட்டு வெளியிட்டார். 1940-இல் இறந்தார். 2014 வரைக்கும் அவர் புதைகுழிமேல் ஒரு கல்கூட இல்லை. தன் பிழையைத் தானே அச்சடித்த மருத்துவரை ஊர் எப்படி நடத்தும் என்பதற்கு நமக்குப் பாஸ்டன் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என் நோட்டில் பெயர்களுக்கு எதிரே கடைசிக் கட்டத்தில் அதிகமாக இருக்கிற சொல் ‘வரவில்லை’. அது குணமாகிவிட்டதால் வரவில்லையா, வலி தாங்காமலா, பஸ்ஸுக்குக் காசில்லாமலா, எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவரிடம் போய்விட்டதாலா, நான் சொன்ன ஒரு சொல்லாலா? எல்லாவற்றுக்கும் ஒரே சொல். முழங்கை முறிந்த பிள்ளைகளை நேரே புத்தூருக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கட்டுப் போட்டு வருவார்கள். கட்டு பிரித்ததும் மடங்காத முழங்கையை எண்ணெய் தேய்த்து இழுப்பார்கள். முழங்கை அப்படிப்பட்ட மூட்டல்ல; வலிக்க வலிக்க இழுத்தால் கோபித்துக்கொண்டு தசைக்குள்ளேயே எலும்பு வளர்த்துவிடும். அந்தப் பிள்ளைகள் ஆறு மாதம் கழித்து என்னிடம் வரும். அவர்களை நான் குறை சொல்வேன், சத்தமாகவே. என்னிடமிருந்து போனவர்கள் ஆறு மாதம் கழித்து யாரிடம் போனார்கள், அங்கே என்னை யார் குறை சொன்னார்கள் என்பது என் நோட்டில் இல்லை.

எங்கள் வாயில் சுலபமாக வருகிற சொல் ‘ரெஸ்ட்’. மரக்காணத்தில் அதை நான் சொன்னால் பெண்கள் தலையாட்டுவார்கள்; சாமியாடி குறி சொல்வதைக் கேட்டுக்கொள்வது போன்ற ஒரு தலையாட்டல். ஓய்வு அங்கே மருத்துவர் எழுதிக் கொடுத்து வருவதில்லை, வடகிழக்குப் பருவமழை எழுதிக் கொடுத்து வருவது. ஐப்பசியில் மழை பிடித்ததும் பாத்தியெல்லாம் வெள்ளத்தில் மூழ்கும், வேலை நிற்கும். அந்த மூன்று மாதத்துக்கு அரசு 2022-லிருந்து குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மழைக்காலத்தில் என் பின்னறை நிரம்பி வழியும், மழை விட்டு அளம் காய்ந்து சேறு மிதித்துச் சீர்செய்யத் தொடங்கும்போது காலியாகும். இத்தனை வருடம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தும் அளத்தில் வேலை செய்கிற அந்த அக்கா தை மாதம் நின்றதற்குக் காரணம் என் வாக்கியம்தான் என்று ஏன் நினைத்தேன்? என் சொல்லுக்கு அவ்வளவு கனம் இருப்பதாக நினைப்பதில் ஒரு அகம்பாவமும் இருக்கிறது. குற்ற உணர்ச்சி என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி இதுதானோ என்னவோ. அளம் கூப்பிட்டது, போய்விட்டார். இப்படிச் சொல்லிக்கொண்டு இரண்டு மாதம் சமாதானமாக இருந்தேன். பிறகு மறுபடியும் உப்புக்கல்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை விடிகாலை நாலரைக்கே கிளம்பிப்போய் அளத்துக்குள் இறங்கினேன். பதினாறு வருடத்தில் முதல் தடவை. சாலையிலிருந்து பார்க்கும்போது வெள்ளைவெளேர் என்று குவியல் குவியலாக, சினிமாவில் பாட்டு எடுக்கத் தோன்றுகிற இடம். உள்ளே இறங்கினால் முதலில் வருவது வாடை. சேறும் பாசியும் உப்பும் சேர்ந்து வேகிற வாடை. வரப்பு வழுக்கியது. பாத்தித் தண்ணீர் விடியல் வெளிச்சத்தில் இளஞ்சிவப்பாக, கலங்கலாக நின்றது. கால் வைத்தால் அடியில் உப்பு நொறுங்குகிற சத்தம். ஒரு பெரியவர் கண்ணாடிக் குழாய் ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். டிகிரி பார்க்கிறேன் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்குப் புரியவில்லை. கடல் தண்ணீர் மூன்று டிகிரி. பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிட ஏறிக்கொண்டே போகும். இருபத்தைந்து வந்தால் உப்பு விழும். முப்பதை நெருங்கினால் கசப்பு இறங்கிவிடும், மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். அதிகம் வந்தால் நல்லது என்கிற பேச்சே அங்கே இல்லை. எத்தனைக்கு என்று கேட்கவும் இடமில்லை. உப்பு விழுகிற டிகிரி என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அக்கா அங்கேதான் இருந்தார். என்னைப் பார்த்ததும், “ஐய, டாக்டரம்மா இங்க எதுக்கு வந்தீங்க, வெயில் ஏறிடும்” என்றார். அவர் சுமக்கவில்லை. கூடைகளைத் தலையில் ஏற்றிவிடுகிற இடத்தில் நின்றார். ஈர உப்புக் கூடை இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. நானே ஒன்றை அசைத்துப் பார்த்து விட்டுவிட்டேன். தரையிலிருந்து ஒருத்தி தானாகத் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். அவரும் இன்னொரு பெண்ணும் குனிந்து கூடையைப் பிடித்தார்கள். முழங்கால் உயரம், இடுப்பு உயரம், நெஞ்சு உயரம். அங்கே அவருடைய இடது கை நின்றுவிட்டது. என் கண்ணுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, தொண்ணூற்றைந்து. ஒரு டிகிரி கூடவில்லை. அதற்குமேல் கூடை ஏறவும் வேண்டியிருக்கவில்லை. சும்மாடு கட்டிய இளம்பெண் முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, தலையைக் கூடைக்கடியில் கொண்டுவந்து கொடுத்தாள். கூடை தலையில் உட்கார்ந்தது. அப்படியே எழுந்து போனாள். அடுத்தவளும் அப்படியே. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எதிர்ப்பக்கம் வேறு ஜோடி ஏற்றிவிட்ட இடத்தில் பெண்கள் இவ்வளவு தாழவில்லை. லேசாக முழங்காலைத் தளர்த்தினார்கள், கைகள் முகத்துக்கு மேலே போய்க் கூடையை வைத்தன. இந்த அக்காவிடம் வரும்போது மட்டும் ஒரு சாண் கூடுதலாகத் தாழ்ந்தார்கள்.

ஈடுகட்டும் அசைவு என்று எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு. தோள் வராதபோது நோயாளி பட்டையை உயர்த்துவார், உடம்பைப் பின்னால் சாய்ப்பார், கை போய்ச் சேர்ந்துவிட்டது போலத் தோன்றும். அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் எங்கள் தேர்ச்சிக்கே அடையாளம். மாணவர்களிடம் “ஏமாறாதீங்க” என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதைத்தான். அது ஒரே உடம்புக்குள் நடப்பது என்றுதான் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே ஐம்பத்திரண்டு வயதுத் தோளில் இல்லாத எண்பத்தைந்து டிகிரியை இருபத்தைந்து வயது முழங்கால்கள் கொடுத்துக்கொண்டிருந்தன. இதைத் தொழிலாளர் ஒற்றுமை என்று கொண்டாடிவிட்டுப் போகலாம். எனக்கு மனம் வரவில்லை. அந்த முழங்கால்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு காலையில் நூறு தடவை ஒரு சாண் கூடுதலாக மடங்குகிற மூட்டு இருபது வருடம் கழித்து முட்டி பார்க்கிற என் சக ஊழியரிடம் போய் நிற்கும், அவருடைய நோட்டில் ஒரு எண்ணாகும், அதில் இந்த அக்காவின் தோள் இருக்காது. வேலை முடிந்ததும் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். “வந்துருச்சே டாக்டரம்மா” என்று தூக்கினார், பட்டை காதுவரை ஏற, உடம்பு பின்னால் சாய. அழகான ஏமாற்று. நான் திருத்தவில்லை. “பின்னால?” என்று கேட்டேன். கை இடுப்பைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, “அது சரியாப்போச்சு” என்றார். என் கோணமானியில் ஏறாத முன்னேற்றம். தை மாதம் நான் சொன்னதைப் பற்றிக் கேட்கலாமா என்று வாய்வரை வந்தது. அவருக்கு அந்த எண் ஞாபகம் இருப்பதாகவே தெரியவில்லை. கேட்காமல் வந்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டும், காட்மன் கேட்டிருப்பார்.

திரும்பி வரும் வழியெல்லாம் சுமைதாங்கிக் கல் ஞாபகம். சின்ன வயதில் எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் ஒன்று இருந்தது, இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் குறுக்கே. நாங்கள் அதில் ஏறிக் குதிப்போம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன ஒருத்திக்காக வைத்தது என்று பாட்டி சொன்னாள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் அந்தக் கல்லுக்குக் கதை அதுவாகத்தான் இருக்கும். இறக்கி வைக்காமல் போனவளின் சுமைக்கு ஈடாக, மற்றவர்கள் இறக்கி வைக்க. கதையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன், அதன் உயரத்தைக் கவனித்ததில்லை. இப்போது யோசித்தால் அது ஒரு தோள் வைத்தியர் போட்ட கணக்கு. தலைச்சுமையில் தலைக்கும் கழுத்துக்கும் நேர்வது வேறு கதை. தோளைக் கெடுப்பது நடக்கிற தூரம் இல்லை. கென்யப் பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தலையில் வைத்து நடக்கும்போது கூடுதலாகச் சக்தியே செலவாவதில்லை என்று 1986-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது. பழகிய தலை சுமக்கும். தரையிலிருந்து தலைக்கு ஏற்றுகிற அந்த நாலு விநாடியும் இறக்குகிற இரண்டு விநாடியும்தான் தோளுக்கு எமன். சுமைதாங்கி அந்த நாலு விநாடியை எடுத்துவிடுகிறது. சுமை தரைக்கே போவதில்லை. நின்ற வாக்கில் இறக்கி, நின்ற வாக்கில் ஏற்றிக்கொண்டு, துணையில்லாமலும் போகலாம். சுமைக் கணக்கு இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. சங்க காலத்து எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. உப்பு ஏற்றிப் போன உமணர்கள் வண்டிக்கடியில் உதிரி அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாட்டிலிருந்து தெரிகிறது. வண்டி அச்சு முறியும் என்று இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே யோசித்திருக்கிறார்கள். வண்டியில் உப்பை ஏற்றினவளின் தோள் என்ன ஆனது என்று நான் கேட்டால், கட்டுரையில் அது ஒரு திருகலாக வந்து நிற்கும், அதனால் விடுகிறேன்.

அளத்துக்குள் ஒரு சுமைதாங்கியும் இல்லை. கேட்டதற்கு, பாத்தி பாத்தியாக இடம் மாறுகிற வேலையில் கல்லை எங்கே நடுவது என்றார் குழாய் வைத்திருந்த பெரியவர். நியாயம்தான். மரத்தில் செய்தால் நகர்த்தலாம் என்றேன். கூடையை மேலே வைத்தே நிரப்பினால் ஏற்றிவிடுகிற கை தரையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்றும் விளக்கினேன். அவர் சற்று யோசித்து, அப்போது உப்பை அள்ளிப் போடுகிறவன் இடுப்பு உயரத்துக்கு அள்ளிப் போட வேண்டுமே, அவன் கை என்னத்துக்காகும் என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒருவேளை அது முழங்கைக்குப் போய்ச் சேரும், பேரும் டென்னிஸ் என்று இருக்கும். ஆனாலும் செய்து பார்க்காமல் சொல்ல முடியாது, ஒரு பருவம் வைத்துப் பார்த்துவிட்டு யாருக்கு எங்கே வலிக்கிறது என்று எழுதிவிட வேண்டியதுதான். அக்காவின் பெயருக்கு எதிரே இருந்த ‘வரவில்லை’யை அடித்துவிட்டு, ‘அளத்தில் பார்த்தேன். 95. ஏற்றிவிடுகிறார்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அதைக் குணம் என்ற கட்டத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

மரக்காணத்தில் அளம் நடத்துகிறவர் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள். நாலு கால் வைத்த ஒரு மேடை, இரண்டு பேர் தூக்கி நகர்த்துகிற கனத்தில். இரும்பு வேண்டாம், உப்புக் காற்று ஒரு மழைக்குள் தின்றுவிடும், பனஞ்சட்டம் போதும். அன்றைக்கு அங்கிருந்த பெண்கள் ஒன்பது பேரை நிறுத்தி இடுப்பு உயரமும் நெஞ்சு உயரமும் அளந்து வைத்திருக்கிறேன், மேடை மூன்றரை அடி இருக்கலாம். தச்சருக்குக் கொடுக்க வேண்டியதில் பாதியை நான் தருகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குமேல் மருந்துக்கடைப் பின்னறையில் இருப்பேன், கரண்டு வைக்கிற டாக்டரம்மா என்று கேட்டால் காட்டுவார்கள்.